டோய் மோய்: தமிழில் என்ன சொல்லலாம்?

வியட்நாமைப் பற்றி எதைப் படித்தாலும் 'டோய் மோய்' வந்துவிடும். அரசே எல்லாவற்றையும் நடத்திய பொருளாதாரத்தில் சந்தைக்கும் தனியாருக்கும் இடம் கொடுத்த கொள்கையின் பெயர் அது. கல்யாண மொய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'டோய்' என்றால் மாற்று. 'மோய்' என்றால் புதிது. இரண்டும் அங்கே கடைத்தெருவில் புழங்கும் சொற்கள்தான். நம் 'மாற்று' போலவே 'டோய்' மனத்தை மாற்றிக்கொள்வதற்கும் வரும், நோட்டை மாற்றுவதற்கும் வரும். 1985-இல் அரசு பழைய 10 டோங்கை (டோங் அவர்கள் நாணயம்) வாங்கிக்கொண்டு புதிய 1 டோங் கொடுத்தது. அடுத்த ஆண்டு விலைவாசி 700 சதவீதத்துக்கு மேல் எகிறியது.

அந்த 1986 டிசம்பரில்தான் கம்யூனிஸ்ட் கட்சியின் 6-வது மாநாடு டோய் மோயைக் கொள்கையாக ஏற்றது. நுயென் வான் லின் பொதுச்செயலாளர் ஆனார்.

அதற்கு முந்தைய காலத்துக்கு 'பாவ் கப்' என்று பெயர். எல்லாவற்றையும் அரசே அளந்து கொடுத்த காலம். 1975-இல் போர் முடிந்தும் அரிசி, துணி, இறைச்சி எல்லாம் கூப்பனில்தான். விடிவதற்கு முன்பே வரிசையில் ஒரு செங்கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். முகம் வாடியிருப்பவரைப் பார்த்து 'அரிசிப் புத்தகத்தைத் தொலைத்த மூஞ்சி' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கட்சி சொன்ன பிறகுதான் மக்கள் மாறினார்கள் என்று நினைக்க வேண்டாம். கூட்டுறவுப் பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குத் திருட்டுத்தனமாகப் பிரித்துக் கொடுப்பது முன்பே நடந்தது. இப்படி விதியை மீறுவதை 'வேலி உடைத்தல்' என்றார்கள். 1988-இல் கட்சியின் 10-ஆம் தீர்மானம் வந்து, சாகுபடியைக் குடும்பத்தின் கையில் கொடுத்தது. அரிசியை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு 1989-இல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது.

சரி, தமிழில்? பலரும் 'சீர்திருத்தம்' என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அதற்கு அங்கே 'காய் காக்' என்று தனிச்சொல் இருக்கிறது. 1950-களில் வடக்கே நடந்த நிலச் சீர்திருத்தத்தின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. அதில் ரத்தம் சிந்தியது. தவறு நடந்ததென்று கட்சியே பிறகு ஒப்புக்கொண்டது. 'மறுசீரமைப்பு' என்றால், சோவியத்தில் கோர்பச்சேவ் கொண்டுவந்த பெரெஸ்த்ரோய்காவோடு குழம்பும்; அந்தச் சொல்லுக்கே பொருள் மறுசீரமைப்புதான். 'புத்தாக்கம்' இன்னொவேஷன் (innovation) என்ற வேறு பொருளுக்குப் போய்விட்டது.

நான் 'புதுப்பித்தல்' என்று எழுதுகிறேன். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தாலும் அதில் இருக்கும் பெயர் மாறுவதில்லை. அங்கேயும் கடை வந்தது, தனியார் தொழில் வந்தது, ஆளும் கட்சி மட்டும் அதேதான். 'டோய்'க்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கல் வாடைதான் தமிழில் வராமல் போகிறது.