ஹை-ஃபை: நம்பகம் அல்ல, இயல்பு

பெட்டி பிரித்து இரண்டு நாள்கூட ஆகாத ஆம்ப்ளிஃபயருக்கு, விமர்சனம் எழுதுகிறவர்கள் “உயர் நம்பகத்தன்மை” என்று சான்று கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கருவி நம்பகமானதா இல்லையா என்பது இரண்டு நாளில் யாருக்குத் தெரியும்? ஐந்து வருடம் ஓடட்டும், உள்ளே மின்தேக்கி உப்பாமல் இருக்கட்டும், ஒலியளவுக் குமிழைத் திருகும்போது கரகரக்காமல் இருக்கட்டும், அப்புறம் சொல்லலாம். எழுதியவர் சொல்ல வந்தது அதை அல்ல என்பது புரிகிறது. அட்டையில் ‘ஹை ஃபிடெலிட்டி’ என்று இருந்திருக்கும். அதைத் தமிழாக்கினால் இதுதான் என்று எங்கோ படித்திருப்பார்.

சொல்லின் கதை சிறியதுதான். லத்தீனில் ‘ஃபிதேஸ்’ என்றால் நம்பிக்கை, கொடுத்த வாக்கைக் காப்பது. அதிலிருந்து ‘ஃபிதேலிதாஸ்’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ஃபிடெலிட்டி’. ஒலிப்பதிவுத் துறையில் ‘ஹை ஃபிடெலிட்டி’ என்ற தொடர் 1930களில் வானொலிப் பெட்டி விளம்பரங்களில் புழங்கியது. 1948இல் நீள்நேர இசைத்தட்டு வந்தபின் வீட்டுக்குள் நுழைந்தது. ‘ஹை-ஃபை’ என்று சுருங்கியது 1950 வாக்கில். 1960களில் ஜெர்மானியர்கள் டின் 45500 என்று ஒரு தர வரையறையே எழுதி, இன்ன அளவுக்குக் கீழே இருந்தால் ஹை-ஃபை என்று போடக் கூடாது என்றார்கள். தமிழில் அது வேறு வழியில் போய்விட்டது. “ரொம்ப ஹைஃபையா இருக்காங்க” என்றால் வசதியாக, பகட்டாக இருக்கிறார்கள் என்று பொருள். ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது ‘நம்பகத்தன்மை’க்கு வருவோம். ஃபிடெலிட்டி என்ற சொல்லுக்குள் ஒரு திசை இருக்கிறது. யார், யாருக்கு உண்மையாக இருக்கிறார்? கருவி, பதிவுக்கு உண்மையாக இருக்கிறது. உள்ளே போன அலை எந்த வடிவத்தில் போனதோ அதே வடிவத்தில் வெளியே வருகிறதா என்பதே கேள்வி. நம்பகத்தின் திசை வேறு. அது கருவிக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள விவகாரம்: அழுத்தினால் ஓடுமா, பாதியில் கைவிடுமா. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியைப் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடக்கும், போட்டால் அலறும். அதைவிட நம்பகமான ஒலிக்கருவி கிடையாது. ஆனால் நொடிக்குச் சில நூறு அதிர்வுகளுக்கு (ஹெர்ட்ஸ்) கீழே உள்ள தாழ்ந்த சுரம் எதுவுமே அதிலிருந்து வராது. மறுபக்கம், நல்ல இசைத்தட்டுக் கருவியின் ஊசி பள்ளத்தில் உள்ளதை அப்படியே எடுத்துக் கொடுக்கும். 500 முதல் 1000 மணி நேரத்தில் தேய்ந்துபோகும், கை தவறினால் அன்றே வளைந்துபோகும்.

வேரைப் பிடித்துத் தொங்குவதால் வருகிற பிழை இது. ‘ஃபிதேஸ்’ என்றால் நம்பிக்கை, ஆகவே நம்பகம் என்று போய்விட்டார்கள். இத்தனைக்கும் இதைச் செய்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். தங்கள் தொழிலில் அதே ஃபிடெலிட்டியை “மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது” என்று அழகாகச் சொல்கிறவர்கள், ஒலிக்கருவிக் கையேடு வந்ததும் அகராதிக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள். ‘விசுவாசம்’ என்று போட்டவர்களும் உண்டு. ஸ்பீக்கர் வாலாட்டுமா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

‘துல்லிய ஒலி’ என்பதைத்தான் அப்படித் தள்ள முடியாது. அதற்கு ஆதரவாளர்கள் அதிகம். வேரைப் பார்த்தால் சரியாகக்கூட இருக்கிறது: வடமொழி ‘துல்ய’ என்றால் சமம். மூலத்துக்குச் சமம் என்று விரித்தால் ஃபிடெலிட்டியே வந்துவிடுகிறது. ஆனால் பேச்சில் ‘துல்லியம்’ வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. பளிச்சென்று, நறுக்கென்று கேட்பதையே துல்லியம் என்கிறோம். அதில்தான் ஆபத்து. 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது உச்சச் சுரங்களில், ஒலியளவை 5, 6 டெசிபெல் கூட்டிவைத்த ஒரு ஸ்பீக்கரைக் கேளுங்கள். தாளத்தட்டு மின்னும், பாடகர் மூச்சு வாங்குவது கேட்கும், ‘ஸ’கரம் ஊசியாகக் குத்தும். முதல் பத்து நிமிடம் எவ்வளவு துல்லியம் என்று தோன்றும். பதிவில் அந்த மினுக்கு இல்லை, கருவி சேர்த்தது. ஒரு மணி நேரத்தில் காது களைத்துவிடும். துல்லியம் என்று பாராட்டுப் பெறுகிற கருவி பெரும்பாலும் மூலத்தை மீறிய கருவி.

இன்னொன்று, சத்தம் கூடினாலே துல்லியம் கூடியதாக மனம் நினைத்துக்கொள்ளும். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட்டுப் புதியதில் “திரை விலகியது போல” என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர் அளவைச் சமப்படுத்திவிட்டுக் கேட்கிறார்கள்? முறை எளிது. 100 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். ஒன்றில் 2.83 வோல்ட் காட்டினால் மற்றதிலும் அதுவே வரும்படி, 2.80க்குக் குறையாமல், குமிழைத் திருப்புங்கள். அந்த வித்தியாசம் 0.1 டெசிபெலுக்குள் அடங்கும். 100 ஹெர்ட்ஸ் ஏன் என்றால், மலிவான மீட்டர்கள் அதற்கு வெகு மேலே போனால் தப்பாகக் காட்டும். இதைச் செய்யாமல் ஒன்று 1 டெசிபெல் கூட இருந்துவிட்டால், சத்தம் கூடியது தெரியாது, ‘துல்லியம்’ கூடியதாகத்தான் தெரியும்.

‘மெய்யொலி’ என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல சொல், ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார்: உயிரொலி, மெய்யொலி என்று மொழியியலில் அது க், ங், ச்.

ஆனால் இலக்கணத்துப் பக்கம் போனது வீண்போகவில்லை. இரண்டு சொற்கள் சேரும்போது என்ன நடக்கலாம் என்று புணர்ச்சி இலக்கணம் கச்சிதமாகச் சொல்லிவைத்திருக்கிறது. ஒன்று புதிதாகத் தோன்றும்: பூங்கொடி. ஒன்று வேறாகத் திரியும்: பொற்குடம். ஒன்று கெடும், அதாவது காணாமல் போகும்: மரவேர். இந்த மூன்றும் விகாரம். மூன்றும் நடக்காமல் வாழையும் மரமும் சேர்ந்து வாழைமரம் என்றே நின்றால் அது இயல்பு. ஒலிக்கருவியில் நடக்கிற கோளாறுகளையும் இதே மூன்று பெட்டியில் போடலாம்.

தோன்றல்: பாட்டே ஓடாதபோது ‘ஊம்’ என்ற முனகல். ஆம்ப்ளிஃபயருக்கு வரும் சிக்னல் கேபிள்களை எல்லாம் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் குற்றம் பெரும்பாலும் நிலத்தொடர்பு வளையத்தில். இரண்டு கருவிகள் வெவ்வேறு சாக்கெட்டில் எர்த் ஆகி, கேபிளின் உறை வழியாக வளையம் முடிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே பலகையில் செருகினால் அநேகமாகத் தீரும். எர்த் முள்ளை ஒடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். முனகல் போகும், கூடவே உயிரும் போகலாம்.

திரிதல்: 20 வாட் கருவியை 40 வாட்டுக்கு விரட்டுவது. மின்வழங்கியால் தர முடிகிற வோல்ட்டுக்கு மேலே அலை எழும்ப முடியாமல் உச்சி தட்டையாகிறது. கணக்குப் பார்த்தால் இதுவும் புதிய அதிர்வெண்களின் தோன்றல்தான். காதுக்கு என்னவோ குரல் திரிந்ததாகவே படும். ட்வீட்டர் (உச்சச் சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) கருகுவதும் இதனால்தான் அதிகம்.

கெடுதல்: புதிதாக வாங்கியவர்கள் “பேஸ் இல்லை”, அதாவது தாழ்ந்த சுரம் கேட்கவில்லை, என்று புலம்புவதில் பாதி இதுவே. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு முனையும் கறுப்பு முனையும் மாறியிருக்கும். இடது ஸ்பீக்கரின் அசையும் கூம்பு முன்னே தள்ளும்போது வலதின் கூம்பு பின்னே இழுக்க, தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகரின் குரலும் நடுவில் நிற்காது. கம்பியை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்புக்கும் எதிர்முனையைக் கறுப்புக்கும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரின் கூம்பும் ஒரே பக்கம் நகர வேண்டும்.

மூன்றும் இல்லாதது இயல்பு. ஆகவே ஹை-ஃபை என்பதற்கு ‘இயல்பொலி’, ஃபிடெலிட்டிக்கு ‘இயல்பு மாறாமை’. இயற்கை ஒலி என்று யாராவது புரிந்துகொள்வார்களே, சின்தசைசரில் இயற்கை ஏது என்று கேட்கலாம். மூலம் சின்தசைசராக இருந்தால் அதுவே அதன் இயல்பு. கருவி அதைத் தொடாமல் விட்டால் போதும். இதுவும் பிடிக்கவில்லை என்றால் ஹை-ஃபை என்றே எழுதுங்கள், குடி முழுகாது. வைஃபைக்கு ‘அருகலை’ நிலைத்ததற்குக் காரணமே அந்த ‘ஃபை’யை யாரும் மொழிபெயர்க்கப் போகவில்லை என்பதுதான். 1999இல் ஹை-ஃபையின் ஓசையை ஒட்டி வைத்த பெயர் அது.

இந்த வரிசையில் இன்னொரு புண் ‘ஒலிபெருக்கி’. ஆம்ப்ளிஃபயரும் அதுவே, ஸ்பீக்கரும் அதுவே, சில கையேடுகளில் மைக்கும் அதுவே. “ஒலிபெருக்கியை ஒலிபெருக்கியுடன் இணைக்கவும்” என்றால் வாங்கியவர் என்ன செய்வார்? ஆம்ப்ளிஃபயர் பெருக்குவது மின்சிக்னலை. அதைப் ‘பெருக்கி’ என்றால் தீர்ந்தது. ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதே இல்லை. 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 87 டெசிபெல் தருகிற சாதாரண ஸ்பீக்கர், கொடுத்த மின்திறனில் சுமார் 0.3% மட்டும் ஒலியாக்கி, மிச்சத்தை ஏறக்குறைய முழுதும் சூடாக்கிவிடுகிறது. ‘ஒலிப்பான்’ என்றால் வண்டி ஹாரன் நினைவுக்கு வரும். ஸ்பீக்கர் ஸ்பீக்கராகவே இருக்கட்டும்.

‘வார்ம் சவுண்ட்’ என்பதற்கு ‘வெப்பமான ஒலி’ என்று படித்தால் கருவியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ‘கனிந்த குரல்’ என்று நமக்குப் பேச்சே இருக்கிறது. ‘இருண்ட பின்னணி’ என்றால் இரைச்சல் துளியும் இல்லை என்று அர்த்தமாம். பேஸ் குழம்பி மொத்தையாக வந்தால் ‘குடத்துக்குள் பேசுவது போல’ என்று ஊரே சொல்லும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்தால் பெரும்பாலும் குறையும். அதை ‘தாழ் அதிர்வெண் தெளிவுத்தன்மைக் குறைபாடு’ என்று எழுதினால் இழுக்க வேண்டியது எதை என்றே தெரியாது. எதன் வாலிலும் ஒரு ‘தன்மை’யைக் கட்டினால் அறிவியல் ஆகிவிடும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

“இந்த உயர் நம்பகத்தன்மை ஒலிபெருக்கி வெப்பமான ஒலியையும் துல்லியத்தன்மையையும் வழங்குகிறது” என்று ஒருவர் எழுதியிருந்தால், சொல்ல வந்தது இவ்வளவுதான்: “இந்தப் பெருக்கியில் குரல் கனிந்து வருகிறது, ‘ஸ’கரம் குத்தவில்லை; பதிவில் இல்லாத எதையும் இது சேர்க்கவில்லை.” ஐந்து வருடம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தால், அப்போது நம்பகத்தைப் பற்றித் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.