எல்.வி.ஆர்.டி. – மின்னழுத்தச் சரிவு தாக்குப்பிடிப்பு

காற்றாலையை மின்தொகுப்போடு (கிரிட்) இணைப்பதற்கான விதிகளில் எல்.வி.ஆர்.டி. என்ற சுருக்கம் தவறாமல் வரும். விரித்தால் லோ வோல்டேஜ் ரைடு த்ரூ. தொகுப்பில் எங்கோ பழுதாகி மின்னழுத்தம் சட்டென்று சரியும்போது, காற்றாலை விலகி ஓடாமல் இணைப்பிலேயே நின்று, அழுத்தம் மீண்டதும் உற்பத்தியைத் தொடர வேண்டும் என்பதே இதன் பொருள். குறுக்குச்சுற்று ஏற்பட்டதை ரிலே என்ற காவல் கருவி உணர்ந்து, பிரேக்கர் என்ற துண்டிப்பான் திறக்கும் வரைதான் பெரும் சரிவு நீடிக்கும். அதாவது ஒரு நொடியில் சிறு பகுதி.

இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் 2013 திருத்தம் இதற்கு அளவு வகுத்தது. 66 கிலோவோல்ட் அல்லது அதற்கு மேல் இணையும் காற்றாலை, அழுத்தம் இயல்பான அளவில் 15 விழுக்காடாகச் சரிந்தாலும் துண்டித்துக்கொள்ளக் கூடாது. தாங்க வேண்டிய நேரம் 300 மில்லிநொடி. பிறகு 3 நொடிக்குள் அழுத்தம் 85 விழுக்காட்டுக்கு ஏறும் வரையிலும் கூடவே நிற்க வேண்டும்.

ஒரு காலத்தில் விதி இதற்கு நேர்மாறாக இருந்தது. தொகுப்பில் காற்று மின்சாரம் சிறு பங்காக இருந்தபோது, பழுது வந்தால் உடனே விலகு என்பதே கட்டளை. கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்கும் இயந்திரத்துக்கும் அது நல்லதாகவே இருந்தது. பங்கு பெருத்தபின் அதே விதி ஆபத்தானது. ஒரே பழுதுக்குப் பல நூறு மெகாவாட் ஒருசேர விலகினால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சரியும். பழுது சிறிதாக இருந்தாலும் தொகுப்பே விழலாம். ஜெர்மனியின் ஈ.ஆன் நெட்ஸ் என்ற மின்தொகுப்பு நிறுவனம் 2003-இல் வெளியிட்ட இணைப்பு விதிகள் இந்த மாற்றத்துக்கு முன்னோடிகளில் ஒன்று.

தாக்குப்பிடிப்பது எளிதல்ல. அழுத்தம் சரிந்தாலும் காற்று நிற்பதில்லை. இறக்கை தள்ளும் ஆற்றலை வெளியே அனுப்ப வழியின்றிச் சுழலி வேகமெடுக்கிறது. நேரடியாக இணைந்த பழைய இண்டக்‌ஷன் ஜெனரேட்டரில் சிக்கல் இரட்டிப்பு. வேகம் கூடிய இயந்திரம், அழுத்தம் மீளும் நேரத்தில் தொகுப்பிலிருந்து ரியாக்டிவ் மின்சாரத்தை (காந்தப்புலத்தை உருவாக்கப் போய்வரும், வேலை செய்யாத மின்சாரம்) இழுத்து, மீட்சியையே தாமதப்படுத்தும். சுழலிச் சுருள் மட்டும் கன்வெர்ட்டர் (மின்மாற்றும் மின்னணுச் சுற்று) வழியாக இணையும் டி.எஃப்.ஐ.ஜி. வகையில், அச்சுருளில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும் என்பதால், க்ரோபார் என்ற மின்தடைச் சுற்று குறுக்கே வந்து காக்கிறது. மின்சாரம் முழுவதும் கன்வெர்ட்டர் வழியே போகும் முழு கன்வெர்ட்டர் வகையில், அதன் நடுவிலுள்ள நேர்மின் பகுதியான டி.சி. லிங்க்கில் ஏறும் அழுத்தத்தைச் சாப்பர் என்ற மின்தடைச் சுற்று வெப்பமாக எரித்துத் தீர்க்கிறது. இத்தனையும் சரியாக இருந்தும், இறக்கைக் கோணத்தை மாற்றும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு பேட்டரி ஆதரவு இல்லாததால் ஒரு காண்டாக்டர் (மின்காந்த சுவிட்சு) விடுபட்டு இயந்திரம் நின்றுவிடலாம். கன்வெர்ட்டரை மட்டும் சோதித்துவிட்டு, துணைச் சுற்றுகளைச் சோதிக்காமல் விடுவது பெரும் பிழை.

இச்சொல்லின் கனத்தை உணர 2016 செப்டம்பர் 28-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் படிக்க வேண்டும். சுழற்காற்று 275 கிலோவோல்ட் கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டே நிமிடத்தில் மின்னழுத்தம் ஆறு முறை சரிந்தது. காற்றாலைகள் முதல் சில சரிவுகளைத் தாங்கின. ஆனால் பல இயந்திரங்களின் கட்டுப்பாட்டு மென்பொருளில், குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் சரிவு வந்தால் உற்பத்தியைக் குறை என்ற வரம்பு இருந்தது. தொகுப்பை இயக்கியவர்களுக்கு அது தெரியாது. 9 காற்றாலைத் தொகுதிகளில் 456 மெகாவாட், 7 நொடிக்குள் போய்விட்டது. அந்தப் பளு முழுவதும் விக்டோரியாவிலிருந்து வரும் ஹேவுட் மின்தடத்தின் மேல் விழ, அதுவும் துண்டித்துக்கொண்டது. சுமார் 8.5 லட்சம் இணைப்புகள் இருளில் மூழ்கின. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதோடு எத்தனை முறை என்ற கேள்வியையும் ஆலைக்காரரிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தின் ரைடு இங்கே குதிரையேற்றம் அல்ல; நங்கூரமிட்ட கப்பல் புயலைச் சமாளித்து நிற்பதற்கு மாலுமிகள் அச்சொல்லை வழங்கினர். ஆகவே சவாரி என்று பெயர்ப்பது பொருளைக் கெடுக்கும். கடத்தல் என்றால் மின்கடத்தலோடு குழம்பும். தாங்குதிறன் பரவாயில்லை, ஆனால் மின்காப்பு தாங்கும் அழுத்தத்துக்கு அது ஏற்கெனவே பொருத்தமான சொல். தாக்குப்பிடித்தல் என்பதில் தாக்கும் இருக்கிறது, விடாமல் பிடித்து நிற்பதும் இருக்கிறது.

முன்பாதிக்குக் குறை மின்னழுத்தம் என்று போட்டால், கோடை மாலையில் மணிக்கணக்காக விளக்கு மங்குவதுதான் நினைவுக்கு வரும். மின்னழுத்த வீழ்ச்சி என்பதோ மின்தடையின் குறுக்கே குறையும் அழுத்தத்துக்குப் பாடநூல் வழக்கு. அதனால் சரிவு என்பதே ஏற்றது: மின்னழுத்தச் சரிவு தாக்குப்பிடிப்பு. பழுது நீங்கியதும் கெப்பாசிட்டர்கள் இணைப்பிலேயே இருந்து அழுத்தம் எகிறும்போது நிற்பது எச்.வி.ஆர்.டி. (ஹை வோல்டேஜ் ரைடு த்ரூ); அதை மின்னழுத்த ஏற்றத் தாக்குப்பிடிப்பு எனலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எஃப்.ஆர்.டி.க்குப் (ஃபால்ட் ரைடு த்ரூ) பழுது தாக்குப்பிடிப்பு பொருந்தும்.