காலில் ஸ்டென்ட் வைத்த பிறகு மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு

பட்டர்வொர்த்திலிருந்து அண்மையில் என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒருவருக்குத் தொடை இரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைபட்ட குழாயைத் திறந்து தாங்கும் சிறு உலோக வலைக்குழாய்) வைத்துச் சில வாரங்கள்தாம் ஆகியிருந்தன. நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்த வலி போய்விட்டது, மாத்திரையோ வயிற்றை எரிக்கிறது என்று, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் அவராகவே நிறுத்திவிட்டார். சனிக்கிழமை இரவு கால் குளிர்ந்து விரல்கள் வெளிறியபோது, வீட்டார் தைலம் தேய்த்து, வெந்நீர்ப் பை வைத்து, திங்கட்கிழமை காலையில்தான் அழைத்து வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே தோல் திட்டுத் திட்டாக நீலம் பாரித்திருந்தது. அழுத்திப் பார்த்தும் நிறம் மாறவில்லை. புறங்காலில் வெந்நீர்ப் பை சுட்ட கொப்புளம். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. காலை எடுக்க வேண்டியதாயிற்று. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இதைப் போன்ற கதையைப் பினாங்கில் நான் கேட்பது முதல் முறையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

"அடைப்பைத்தான் எடுத்துவிட்டீர்களே டாக்டர், பிறகு எதற்கு மாத்திரை?" என்று கேட்கிறார்கள். ஐயா, அம்மா, ஸ்டென்ட் எந்த அடைப்பையும் எடுப்பதில்லை. கொழுப்பும் சுண்ணாம்புமாகப் படிந்திருப்பதை, உள்ளே செலுத்தி ஊதும் பலூன், குழாயின் சுவரோடு அழுத்தி ஒதுக்குகிறது. ஒதுங்கியது மீண்டும் நெருங்கிவிடாமல் ஸ்டென்ட் தாங்கி நிற்கிறது. படிவு உங்கள் உடம்பிலேயேதான் இருக்கிறது. அதை உண்டாக்கிய நோயும் மற்றொரு காலிலும், இதயத்திலும், மூளைக்குப் போகும் குழாய்களிலும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதோடு, புதிதாக வைத்த உலோகத்தின் மேல் குழாயின் உள்தோல் படரும்வரை இரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டி உறையப் பார்க்கும். அந்தக் காலத்தைக் கடப்பதற்காகவே பெரும்பாலும் ஒன்று முதல் ஆறு மாதங்கள்வரை இரண்டு மாத்திரைகளைத் தருகிறோம். அதன் பிறகு ஒன்றையாவது வாழ்நாள் முழுதும் தொடரச் சொல்கிறோம். வலி நின்றுவிட்டது என்பது மாத்திரையை நிறுத்தக் காரணமாகாது, ஏனெனில் அந்த மாத்திரை வலிக்காகக் கொடுக்கப்பட்டதே அன்று. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்கும் இதே பதில்தான்.

அடுத்து வருவது, "என் அண்ணனுக்கு இதயத்தில் வைத்தது இத்தனை வருடமாக நன்றாகத்தானே இருக்கிறது?" என்ற ஒப்பீடு. குழாயைத் திறக்கும் இந்தச் சிகிச்சை தொடங்கியதே காலில்தான்: 1964இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், காலை எடுக்க மறுத்த 82 வயது மூதாட்டி ஒருவருக்கு சார்லஸ் டாட்டர் முதன்முதலில் இதைச் செய்தார், இதயத்துக்குப் பலூன் போனது 1977இல். முன்னதாகத் தொடங்கியும் காலில் ஸ்டென்ட் இன்னும் சிரமப்படுவதற்குக் காரணம் உண்டு. தொடையின் குழாய் நீளமானது. நடக்கையிலும், தரையில் சம்மணமிட்டு அமர்கையிலும் அது மடங்கும், முறுக்கும், தசையால் நெரிபடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கிய கம்பி ஒடிவதைப் போல ஸ்டென்டும் ஒடியலாம். முழங்காலுக்குப் பின்புறம் ஸ்டென்ட் வைக்க நாங்கள் தயங்குவது இதனால்தான். ஒடியாவிட்டாலும், பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள், அதனுள்ளே தழும்புத் திசு வளர்ந்து பாதையைச் சுருக்கலாம். சந்தைக்கு நிற்காமல் நடந்து போனவர் பாதி வழியில் நின்று காலைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினால் அதுதான் முதல் அறிகுறி. முதல் ஆண்டில் சில முறை ஸ்கேனுக்கு வரச் சொல்வது எங்கள் வசூலுக்காக அன்று; முழுதாக அடைபட்ட ஸ்டென்டைத் திறப்பதைவிடச் சுருங்கத் தொடங்கியதைச் சரிசெய்வது எளிது.

மருந்து பூசிய பலூனும் ஸ்டென்டும் உயிருக்கு ஆபத்து என்று 2018இல் வெளிவந்த ஆய்வின் செய்தியை இன்றும் வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிவைக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் எச்சரித்ததும் உண்மை. பிறகு வந்த தரவுகளைப் பார்த்து, இறப்பு அபாயம் கூடுவதற்கு ஆதாரமில்லை என்று 2023இல் அதுவே அறிவித்ததும் உண்மை. இரண்டாவது செய்தியை ஏனோ எவரும் அனுப்புவதில்லை.

வீடு திரும்பிய முதல் சில நாட்களில் கவனிக்க வேண்டியவை வேறு. ஊசி போட்ட தொடை இடுக்கில் துடிக்கும் கட்டி தோன்றினாலோ, முதுகும் விலாவும் வலித்துத் தலை சுற்றினாலோ, கெண்டைக்கால் கல்லாக இறுகினாலோ, ஒரு விரல் மட்டும் நீலமானாலோ மறுநாள்வரை பொறுக்காதீர்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களும் நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறவர்களும் படமெடுக்கும் சாயத்தைச் செலுத்துவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் அது மிக அதிகம். நீரிழிவால் உணர்விழந்த கால் செத்துக்கொண்டிருந்தாலும் வலிக்காமல் இருக்கக்கூடும். ஆகவே வலிக்காகக் காத்திராமல், தினமும் படுக்கப்போகும் முன் புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டு, குளிர்ச்சியில் வேறுபாடு உண்டா என்று பாருங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம், உருவிவிடுகிறவரும் வேண்டாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஸ்டென்ட் வைத்த கால் என்றால், நேர்த்திக்கடனை வேறு வகையில் செலுத்துங்கள்.

வயிறு எரிந்தால் மாத்திரையை நிறுத்தாமல் எங்களிடம் சொல்லுங்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலை நீங்களாகவே மருந்தகத்தில் வாங்கி விழுங்காதீர்கள், அது குளோபிடோகிரலின் செயலைக் குறைக்கக்கூடும். வேறு மருந்து இருக்கிறது. பல் பிடுங்கப் போனால் பல் மருத்துவரை எங்களோடு பேசச் சொல்லுங்கள். சிகரெட்டைப் பற்றி நான் சொல்லாத ஏச்சு இல்லை.

கால் திடீரெனக் குளிர்ந்து, வெளிறி, மரத்துப்போனால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தசை அழியத் தொடங்கிவிடும். 999ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முகப்பில் "கால் வலி" என்று மட்டும் சொன்னால் அவசரமில்லாதவர்களுக்கான பச்சைப் பகுதியில் வரிசையில் உட்காரவைத்துவிடக்கூடும். "காலில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, இத்தனை மணியிலிருந்து குளிர்ந்துவிட்டது, இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள்.