ஓடு மாத்துறதுக்கு முன்னாடி மேல ஒரு தடவ பாத்துருங்க

போன ஐப்பசியில ஒரு ராத்திரி கானாடுகாத்தான் பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி போன் பண்ணாங்க. "தம்பி, முற்றத்தச் சுத்தியிருக்குற வளவுப் பத்தியில ஒழுகுது, அண்டாவ வச்சு வச்சு எடுத்துக்கிட்டு இருக்கோம், மேஸ்திரி பாத்துட்டு ஓடு பூரா பிரிச்சு மேயணும்ங்கிறாரு, நீங்க ஒரு எட்டு வந்து பாருங்க"ன்னாங்க. மழை விட்டு ரெண்டு நாள் வெயில் அடிச்சு ஓடு காஞ்சதும் ஏறிப் பாத்தோம். ஓடு நல்லாத்தான் இருக்கு. கூடல்வாயில, அதான் ரெண்டு சரிவும் வந்து சேர்ற மூலைப் பள்ளம், அங்கதான் வேப்ப எலை வருஷக்கணக்கா விழுந்து மக்கி மண்ணாவே ஆயிருக்கு, அது மேல புறாக் கூடு, மயில் எறகு, உடைஞ்ச ஓட்டுத் துண்டு, ஒரு ரப்பர் பந்து, ரெண்டு பிளாஸ்டிக் கவர். அள்ளுனா அஞ்சு சாக்கு வந்துச்சு. மாத்துன ஓடு முப்பது கூட இல்ல. கார்த்திகை மழை பூராவும் அந்தப் பத்தியில ஒரு சொட்டு இறங்கல.

ஆனா அந்த மூலையில ஓட்டத் தாங்கி நின்ன கைமரம் மக்கிப் போயிருச்சு. பர்மா தேக்குதான், நூறு வருஷம் நின்ன மரம், நுனியில பேனாக்கத்திய வச்சு அழுத்துனா வெண்ணெய் மாதிரி உள்ள போகுது. தேக்கா இருந்தாலும் ஈரம் காயவே விடாம வச்சா மக்கத்தான் செய்யும். எலைய அள்ளுனது ஒரு நாள் கூலி, அந்த ஒரு மரத்த மாத்துனதுக்கு ஆன செலவ இங்க எழுத மனசு வரல.

நான் காரைக்குடி சுத்துவட்டாரத்துல 18 வருஷமா பழைய வீடு ரிப்பேர் வேலைதான் பாக்குறேன். ஒழுகுதுன்னு கூப்பிட்டாலே எல்லாருக்கும் மனசுல ஓடுறது ஒண்ணு ஓடு மாத்தணும், இல்ல கெமிக்கல் பூசணும். ரெண்டுமே தேவைப்படுற வீடு உண்டுதான், இல்லன்னு சொல்லல. ஆனா நான் போற வீட்டுல பாதிக்கு மேல தண்ணிக்கு வழி அடைச்சுக் கிடக்கு, அவ்வளவுதான் கோளாறு.

என்கூட வேலை பாத்த ஒரு பழைய ஓடு மேயற பெரியவர் சொல்லுவாரு, "ஓடு ஓடுற தண்ணிக்குத்தான் தம்பி, நிக்கிற தண்ணிக்கு இல்ல"ன்னு. நாட்டு ஓடோ சீமை ஓடோ, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி அடுக்கியிருக்கு, நடுவுல பூச்சு கிடையாது. தண்ணி சரசரன்னு கீழ இறங்குற வரைக்கும் உள்ள வராது. கூடல்வாயில குப்பை அணை கட்டுன மாதிரி நின்னுச்சுன்னா தண்ணி பின்னாடி ஏறும், ஏறுன தண்ணி ஓட்டோட விளிம்பத் தாண்டி அடியில பூந்துரும். அப்புறம் ஓட்டுக்கு அடியில இருக்குற ரீப்பர் சட்டம் வழியா கைமரம் வழியா நடந்துபோயி எங்கயோ சொட்டும். ஒழுகுற இடத்துக்கு நேர் மேல தேடிட்டு அங்க ஓட்டைய காணோமேன்னு முழிக்கிறது இதனாலதான், எப்பவும் சரிவுக்கு மேல் பக்கமா தேடணும்.

எவ்வளவு தண்ணின்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 1000 சதுர அடி கூரையில 1 செ.மீ மழை பெஞ்சாலே 900 லிட்டருக்கு மேல. 10 செ.மீ கொட்டுனா 9000 லிட்டர தாண்டிரும், ஒரு தண்ணி லாரி கொள்ளளவு. நம்ம செட்டிநாட்டு வீடுகள்ல இதுல பெரும்பங்கு வளவு முற்றத்தப் பாத்துதான் இறங்குது, வேணும்னேதான் அப்படிக் கட்டுனாங்க. முற்றத்துல விழுற தண்ணியப் பிடிச்சு அண்டாவுலயும் கிடாரத்துலயும் சேத்து, மிச்சத்த கிணத்துக்கும் ஊருணிக்கும் விட்டாங்க. அவ்வளவு தண்ணியும் நாலு கூடல்வாய், நாலு தகரத் தூம்பு வழியாத்தான் வந்தாகணும். அதுல ஒண்ண அடைச்சா என்னாகும்.

எப்ப ஏறணும்னா புரட்டாசிதான். மாசி பங்குனியில வேம்பு எலைய உதிர்க்கும், அடுத்து பூ கொட்டும், ஆடிக் காத்து ஊருல உள்ள குப்பைய எல்லாம் கொண்டுவந்து கூரையில போடும், ஆவணியில அப்பப்ப பெய்யுற இடிமழை அத்தனையும் நனைச்சு படிய வச்சிரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும், தமிழ்நாட்டோட வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி அந்த மூணு மாசத்துலதான் வருது. அதனால செப்டம்பர் கடைசியிலேயே ஆள் சொல்லிருங்க, ஐப்பசி பொறந்தா ஓடு மேயற ஆளு யாரும் கிடைக்க மாட்டாங்க, இப்பவே இந்த வேலை தெரிஞ்சவங்க குறைஞ்சுபோயிட்டாங்க. இன்னொரு விசயம், நம்ம பக்கம் மயிலும் குரங்கும் ஜாஸ்தி, அதுக ஏறி இறங்குறதுலயே ஓடு நகந்துரும், குப்பை அள்ளும்போதே நகந்தத தள்ளி வச்சுட்டா தனியா ஒரு வேலை மிச்சம்.

பழைய சுண்ணாம்புத் தள மாடி, காங்கிரீட் மாடி வச்சிருக்கவங்களுக்கும் இது பொருந்தும். இதுல நான் செஞ்ச ஒரு தப்ப சொல்லியாகணும். 12 வருஷம் முன்னாடி தேவகோட்டையில ஒரு வீட்டு மாடிக்கு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சுக் குடுத்தேன், அடுத்த மழைக்கே ஒழுகிருச்சு. மழைக்குள்ளயே போயி பாக்குறேன், மாடி குளம் மாதிரி நிக்குது, தண்ணி போற ஓட்டை மேல ஒரு கவர் ஒட்டிக்கிட்டு இருக்கு, பைப்புக்குள்ள பழைய செங்கல் துகளும் எலையும் இறுகிப் போயிருக்கு. வீட்டுக்காரர் கோவப்படவே இல்ல, "பூசுறதுக்கு முன்னாடி ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாத்தீங்களா"ன்னு மட்டும் கேட்டாரு. பாக்கல. திரும்ப காசு வாங்காம செஞ்சு குடுத்தேன், அன்னையில இருந்து எந்த மாடியிலயும் முதல் வேலை அந்த ஒரு வாளிதான். 1000 சதுர அடி மாடியில ஒரு அங்குலம் தண்ணி நின்னாலே 2 டன்னுக்கு மேல பாரம், அது ஏற்கனவே கம்பி துருப்பிடிச்ச தளமா இருந்தா யோசிச்சுப் பாருங்க. நிக்கிற தண்ணியில ஒரு வாரத்துல டெங்கு கொசு வேற கிளம்பிரும்.

அள்ளுறதுல எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, வெளக்கமாத்தால கூட்டி ஓட்டைப் பக்கம் தள்ளி தண்ணிய ஊத்தி விட்டுர்றது. மேல பாக்க சுத்தமா இருக்கும், குப்பை அத்தனையும் பைப்போட கீழ் வளைவுல போயி உக்காந்துக்கும், எடுக்குறது ரொம்ப கஷ்டம். காஞ்ச குப்பைய காஞ்ச மாதிரியே கையால அள்ளி சாக்குல கட்டி கயித்துல இறக்குங்க. முடிஞ்சதும் ஒவ்வொரு பைப்புக்கும் ரெண்டு வாளி ஊத்தி, கீழ ஒரு ஆள நிக்க வச்சு தண்ணி அதே வேகத்துல வருதான்னு பாக்கணும். ஓட்டைக்கு தட்டையான சல்லடை மூடி வேணாம், ஒரு தேக்கு எலை விழுந்தாலே மூடிக்கும், கூம்பு மாதிரி மேல எழும்புன மூடியா வாங்குங்க, எலை சுத்தி நின்னாலும் தண்ணி மேல் பக்கமா போயிரும். 2003ல மழைநீர் சேமிப்பு கட்டாயம்னு வந்தப்ப தோண்டுன குழி இருந்தா அதுல இருக்குற மணல் ஜல்லியையும் இதோட சேத்து மாத்திருங்க.

கடப்பாரை, மண்வெட்டி ரெண்டையும் மேல ஏத்தாதீங்க. பழைய சுண்ணாம்புத் தளத்துல ஒரு கொத்து தப்பா விழுந்தா அதுவே ஒழுக்கு. அப்புறம் இந்த அரசங்கன்னு ஆலங்கன்னு. பறவை எச்சத்துல வந்து கைப்பிடிச் சுவர் இடுக்குல முளைக்கும், ரெண்டு எலை இருக்கும்போதே ஈர மண்ணா இருக்கப்ப பிடுங்குனா வேரோட வந்துரும், ஒரு முழம் வளந்ததுக்கு அப்புறம் பிடிச்சு இழுத்தீங்கன்னா பூச்ச பேத்துக்கிட்டு வரும், வேரு உள்ளயே நிக்கும், அடுத்த வருஷம் இன்னும் பலமா முளைக்கும். அதுக்கு கொத்தனார வச்சு வேர்வரைக்கும் எடுத்து சுண்ணாம்புக் கலவையாலேயே அடைக்கணும். சிமெண்ட் வேணாம், பழைய சுண்ணாம்புச் சுவர்ல சிமெண்ட் ஒட்டி நிக்காது, உள்ள போன ஈரத்தையும் வெளிய விடாது, அந்த ஈரம் உள்பக்கம் முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைச்ச சுவர்ல போயி உப்புப் பூத்து உதிரும். அந்தச் சுவர திரும்ப அதே மாதிரி இழைக்க இன்னைக்கு ஆள் தேடணும்.

இத எழுத உக்காந்ததே முக்கியமா அடுத்து சொல்றதுக்குத்தான். வீட்டுக்காரங்க சென்னையிலயோ மலேசியாவுலயோ இருப்பாங்க, வீட்டப் பாத்துக்குறது அறுபத்தஞ்சு வயசு வாட்ச்மேன் அண்ணன். போன்ல "அண்ணே சும்மா ஏறி அந்த எலைய மட்டும் தள்ளி விட்டுருங்க"ன்னு சொல்லுவாங்க, அவரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. நாலு வருஷம் முன்னாடி அப்படி ஏறுன ஒருத்தர் ஓடு உடைஞ்சு உள்ள விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு இன்னைக்கும் கம்பு ஊனித்தான் நடக்குறாரு. நாட்டு ஓடு ஆள் பாரத்த தாங்காது, அதுலயும் பாசி பிடிச்ச ஓடு வழுக்கும். தெரிஞ்ச ஆளுங்க மரம் இருக்குற கோட்டுல ஏணியப் படுக்க வச்சு, இடுப்புல கயிறு கட்டி, கீழ இன்னொரு ஆள நிறுத்திட்டுத்தான் ஏறுவாங்க. தயவுசெஞ்சு ரெண்டு ஆள் கூலிய குடுங்க. ஏறுறதுக்கு முன்னாடி முகட்டுப் பக்கம் கதண்டு, அதான் பெரிய குளவி, கூடு கட்டியிருக்கான்னு கீழ நின்னே பாக்கணும், இருந்தா தொடவே கூடாது, தீயணைப்பு நிலையத்துக்கு சொன்னா வந்து எடுப்பாங்க, கதண்டு கொட்டி உயிர் போனது நம்ம ஊருப் பக்கம் புதுசில்ல. கரண்டு கம்பி கூரைய ஒட்டிப் போனா மெயின நிறுத்துனா மட்டும் போதாது, அது தெருக் கம்பி, மின்வாரியத்துல சொல்லிட்டு ஏறுங்க.

பங்காளி வீடா இருந்தா இன்னொரு சிக்கல், யாரு காசு போடுறதுன்னு பேசிப் பேசியே தீபாவளி வந்துரும். ஓடு மாத்துறதுக்குத்தான் எல்லாரும் ஒத்துக்கணும், எலை அள்ளுறதுக்கு ஒரு புள்ளி, அதான் ஒரு குடும்பம், முன்ன நின்னா போதும், செலவ முன்னோர் படைப்புக்குக் கூடும்போது பகிர்ந்துக்கலாம். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப ஓடு பறந்து வானம் தெரிஞ்ச வீடுகள்ல அப்படி யாராவது ஒருத்தர் உடனே தார்ப்பாய் போட்ட வீடு தப்புச்சு, பேசிட்டு செய்யலாம்னு விட்ட வீட்டுல மரம் நனைஞ்சு கரையான் ஏறிருச்சு.

எல்லாம் அள்ளி முடிச்சும் முதல் மழைக்கு எங்கயாவது சொட்டுச்சுன்னா பதறாதீங்க, அந்த நேரத்துல யாரையும் மேல ஏத்தவும் வேணாம். தரையில சொட்டு விழுற இடத்துல சாக்பீஸால ஒரு வட்டம் போட்டு தேதி எழுதுங்க, மேல மரத்துல ஈரம் எங்க இருந்து வருதுன்னு டார்ச் அடிச்சு போன்ல படம் எடுத்துக்கோங்க. வெயில் வந்து ஓடு காஞ்சதும் வர்ற ஆளுகிட்ட அந்தப் படத்தக் குடுத்தா போதும்.