எலி கடித்த கொப்பரை போல ஒரு பிஸ்டன்

என் மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பழைய பிஸ்டனை, அதாவது எஞ்சின் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் உலோகக் கட்டையை, வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘என்னங்க, எலி கடிச்ச மாதிரி இருக்கு?’ என்பார்கள். உண்மைதான். மேல்விளிம்பில் ஒரு பக்கம், எலி கொறித்த கொப்பரை மாதிரி அரித்துப்போயிருக்கிறது. என் சித்தப்பா மகனுடைய மாருதி 800-லிருந்து கழற்றியது. சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் ஏதோ ஒரு டீசல் காரின் பழைய டர்போவை வாங்கிவந்து, வீட்டுக் கொட்டகையிலேயே மாட்டி, மூன்று நாள் ராஜாவாகத் திரிந்தான். நான்காம் நாள் பிஸ்டன் இந்தக் கதிக்கு வந்துவிட்டது.

போன வாரம் திருப்பூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவரிடமும் ஒரு 800 இருக்கிறதாம். ‘டர்போ எஞ்சினாக மாற்ற ஆசை. வீட்டிலேயே செய்யலாமா? எஞ்சின் தாங்காது என்கிறார்கள். ஏன் தாங்காது என்று கேட்டால் ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை.’

செய்யலாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். ஏன் தாங்காது என்பதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

டர்போ என்ன செய்கிறது என்பது பலருக்கும் தெரிந்ததுதான்: கூடுதல் பெட்ரோலை எரிக்க, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சுவது சுலபம், காற்றைக் கூடுதலாக உள்ளே கொண்டுபோவதுதான் பாடு. 796 சிசி எஞ்சின் 5,000 ஆர்பிஎம்மில் ஓடினால் கணக்குப்படி நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்றை இழுக்கும். மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டி இரண்டு. அதற்குமேல் வேண்டுமென்றால் வெளியிலிருந்து திணித்தாக வேண்டும். இன்னொரு பக்கம், எரிந்த பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாகவே போய்விடுகிறது. போகிற புகையை ஒரு சக்கரத்தின்மேல் பாய்ச்சி, அதே தண்டின் மறுமுனையில் காற்றை அமுக்கும் இன்னொரு சக்கரத்தைச் சுழற்றலாமே என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைய டர்போவும் அதுதான். தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சர்வசாதாரணமாகச் சுற்றும்.

சின்ன எஞ்சினுக்கு இது ஆகாது என்பதெல்லாம் கட்டுக்கதை. 1987-ல் சுசுகி ஜப்பானில் ஆல்ட்டோ வொர்க்ஸ் என்று ஒரு குட்டிக் காரை விட்டது. நம்மூர் 800-ன் எஞ்சினுக்கு நெருங்கிய உறவான 543 சிசி எஞ்சினில் டர்போ வைத்து 64 குதிரைத்திறன் எடுத்தார்கள். அந்த வகைக் கார்களுக்கு 64-தான் உச்சம் என்று ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வரம்பு இன்றும் நீடிக்கிறது. கார்புரேட்டர் வைத்த நம் 800-ஓ, 796 சிசி இருந்தும் 40-ஐத் தொடவில்லை. ஆக, சுசுகி செய்தால் ஓடுகிறது, சித்தப்பா மகன் செய்தால் எலி கடிக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்க சிலிண்டருக்குள் போக வேண்டும்.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்ப்பின் அடிப்பகுதி கையைச் சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். 30 டிகிரி காற்றை டர்போ ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், அதன் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வெளியே வரும் காற்று 83 டிகிரியில் இருக்கும். சூடான காற்று விரிந்துகொள்ளும். அதனால் 50 சதவீதம் கூடுதல் காற்று கிடைக்கும் என்று நினைத்தவனுக்குக் கையில் சேர்வது 28 சதவீதம்தான். நடுவில் இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் 43 சதவீதம் ஆகும். பலரும் இன்டர்கூலரின் வேலை இவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சில்லறை லாபம்.

83-க்கும் 45-க்கும் வித்தியாசம் 38 டிகிரி. இந்தக் காற்றை சிலிண்டருக்குள் பிஸ்டன் மறுபடியும் ஒன்பதில் ஒரு பங்காக அமுக்குகிறது. அமுக்கும்போது வெப்பநிலை கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது, ஏறக்குறைய இரண்டு மடங்காக. வாசலில் 38 டிகிரியாக இருந்த வித்தியாசம் உள்ளே போனதும் 80-ஐ நெருங்கிவிடும். தீப்பொறி விழுவதற்கு முன்பே இந்த நிலை!

இப்போது ஸ்பார்க் பிளக் பற்றவைக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் வெடிப்பு எதுவும் நடப்பதில்லை. நல்ல எஞ்சினில் நடப்பது ஒழுங்கான எரிதல். பிளக்கின் முனையிலிருந்து ஒரு நெருப்புச் சுவர் கிளம்பி, கலவையை எரித்துக்கொண்டே சிலிண்டரின் ஓரத்தை நோக்கிப் பரவும். 3,000 ஆர்பிஎம்மில் இதற்கு இரண்டு மூன்று மில்லி வினாடி ஆகும். எரிந்த பகுதி விரிவதால், இன்னும் எரியாமல் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் கலவை மேலும் மேலும் நசுங்கிச் சூடாகிறது. பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன் நிலைமைதான் அதற்கு. நெருப்பு வந்துசேரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும்.

பொறுமை இழக்க வைப்பது வேதியியல். அந்தச் சூட்டில் பெட்ரோல் மூலக்கூறின் ஓரிடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது சும்மா இருக்காது. மூலக்கூறு வளைந்து கொடுத்தால், தள்ளியிருக்கும் இன்னொரு கார்பனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அப்படி உருவாகும் பெராக்சைடு உடைந்தால் இரண்டு ரவுடிகள் (கண்டதோடெல்லாம் வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) பிறப்பார்கள், அவர்கள் நாலு பேரைக் கெடுப்பார்கள், சங்கிலி தொடங்கிவிடும். பெட்ரோலில் இருக்கும் ஹெப்டேன் போல நீண்டு நெளியும் சங்கிலிக்கு இப்படி வளைவது சுலபம். ஐசோ-ஆக்டேன் கிளைகள் அடர்ந்த குட்டை மரம். எளிதில் பிடுங்கக்கூடிய ஹைட்ரஜன் அதில் குறைவு. அதனால்தான் ஹெப்டேனுக்கு ஆக்டேன் எண் 0, ஐசோ-ஆக்டேனுக்கு 100. நம் பங்க்குகளில் சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 என்பதுதான் பல வருடங்களாக இருந்த விதி. ஆக்டேன் எண் சக்தியை அளப்பதில்லை, பொறுமையை அளக்கிறது. டர்போ இல்லாத சாதாரண 800-க்கு 100 ஆக்டேன் ஊற்றிவிட்டு ‘வண்டி பறக்குது’ என்று சொல்வதும், முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதும் என் கணக்கில் ஒன்றுதான். எலுமிச்சை விலையாவது குறைவு. டேங்கில் அந்துருண்டை போடும் வைத்தியமும் ஒரு காலத்தில் ஓடியது. அது மறுபடி கட்டியாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்ததுதான் மிச்சம்.

நெருப்பு வந்துசேர்வதற்குள் பொறுமை தீர்ந்தால் ஓரத்துக் கலவை முழுதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். இதுதான் நாக்கிங். மெக்கானிக்குகள் ‘எஞ்சின் தட்டுது’ என்பார்கள். அந்த மூலையில் சட்டென எகிறும் அழுத்தம் அலையாகி சிலிண்டரின் சுவருக்குச் சுவர் மோதும். 800-ன் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர். அதற்குள் அலையும் ஒலி ஏறக்குறைய 8 கிலோஹெர்ட்ஸில் கேட்கும். தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கிய சத்தம்.

சத்தத்தால் பிஸ்டன் அரிக்குமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது.

பிஸ்டன் அலுமினியக் கலவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டன் கலவைகள் அதற்கும் கீழேயே. அதன் தலைமேல் எரியும் நெருப்போ 2,000 டிகிரிக்கு மேல். அப்படியென்றால் ஒழுங்காக ஓடும் எஞ்சினில்கூட பிஸ்டன் உருகி ஓட வேண்டாமா? ஓடாததற்கு முதல் காரணம், நெருப்பு விட்டுவிட்டுத்தான் எரிகிறது. பிஸ்டன் வாங்கிய சூட்டைத் தன்னைச் சுற்றியிருக்கும் ரிங் வழியாகவும் ஆயில் வழியாகவும் இறக்கிவிடுகிறது. இன்னொரு காரணம் அழகானது. உலோகத்தை ஒட்டியிருக்கும் வாயு அசைவதில்லை. மெல்லிய படலமாக அப்படியே படிந்து நிற்கும். வாயு வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் 2,000 டிகிரி நெருப்புக்கும் 300 டிகிரி அலுமினியத்துக்கும் நடுவே போர்வையாக இருக்கிறது.

சித்திரை மாதம் வேலூர்ப் பக்கம் பகல் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுண்டா? வண்டி நிற்கும்போது புழுக்கம், ஆனால் தாங்கலாம். வண்டி வேகமெடுத்ததும் அனல் முகத்தில் அறையும். வெளிக்காற்றின் சூடு இரண்டு நேரத்திலும் ஒன்றுதான். நம் தோலை ஒட்டியிருந்த படலத்தை ஓடும் காற்று உரித்துவிடுகிறது, அவ்வளவே.

நாக்கிங் அலைகள் பிஸ்டனுக்குச் செய்வதும் இதைத்தான். வினாடிக்கு எட்டாயிரம் முறை முன்னும் பின்னும் அடித்து, போர்வையை உரித்தெறிகின்றன. நெருப்பு நேரடியாக அலுமினியத்தைத் தொடுகிறது. உலோகம் மென்மையாகிறது, அலைகள் அதையும் கொத்துகின்றன. கடைசிக் கலவை பெரும்பாலும் ஒதுங்குவது ஓரத்தில் என்பதால் அரிப்பும் ஓரத்தில்தான். என் மேசைப் பிஸ்டனில் எலி விளிம்பைக் கடித்ததற்குக் காரணம் இது. (நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் குற்றவாளி வேறு. பிளக் பொறி விடும் முன்பே ஏதாவது சூடான புள்ளி பற்றவைத்திருக்கும்.)

இந்த நாக்கிங்கைத்தான் டர்போ கார் செய்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு விதத்தில் சமாளித்திருக்கிறார்கள். 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவும் வைத்துக்கொண்டு அமுக்க விகிதத்தையும் (பிஸ்டன் கலவையை எத்தனையில் ஒரு பங்காக நசுக்குகிறது என்ற கணக்கு) 10.25 என்று உயரத்திலேயே வைத்திருந்தது. அதைக் குளிர்விக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டேங்கிலிருந்து பீய்ச்சியது. கார் வாங்கியவர்கள் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். பல கார்களில் பிற்பாடு டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் வைக்கவேண்டி வந்தது. இன்று அந்தத் தொல்லை இல்லை. எஞ்சின் பிளாக்கில் ஒட்டியிருக்கும் சென்சார் அந்தச் சில்லறைச் சத்தத்தைக் கேட்டதுமே, கணினி பிளக்கின் பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்திவிடும். நாம் மிதித்துக்கொண்டே இருக்கலாம், காதுக்கு எட்டுவதற்குள் பஞ்சாயத்து முடிந்துவிடும்.

மின்சாரக் கார் காலத்தில் நாக்கிங் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சாலையில் ஓடும் கோடிக்கணக்கான பெட்ரோல் வண்டிகள் நாளைக்கே காணாமல் போகப்போவதில்லை. எத்தனால் வேறு கலக்கிறோம், அதன் நாக்கிங் குணமே வேறு. ஐஐடி மெட்ராஸில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் பணம் ஒதுக்குவதில் நம் அரசுகளுக்கு, திறப்பு விழாப் பலகைக்குச் செலவழிக்கிற உற்சாகத்தில் பாதியாவது இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, திருப்பூர்க்காரருக்குப் பதில். சித்தப்பா மகன் செய்யாமல் விட்டதையெல்லாம் செய்ய வேண்டும். பூஸ்ட்டை, அதாவது டர்போ கூடுதலாகத் திணிக்கும் அழுத்தத்தை, 0.3 பாரைத் தாண்ட விடாதீர்கள் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). இன்டர்கூலர் கட்டாயம். கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போக, அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் எஞ்சினின் கணினியான ஈசியூவும் மாற வேண்டும், பழைய ஈசியூவுக்கு டர்போ வந்ததே தெரியாது. டீசல் டர்போ வேண்டாம், பெட்ரோல் புகை 900 டிகிரியைத் தொடும், அதற்கென்று செய்யாத உறை விரிசல் விடும். கிளட்ச், பிரேக் எல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும். இவ்வளவு செய்வதற்குக் கம்பெனியே டர்போவோடு விற்கும் பழைய கார் ஒன்றை வாங்குவது மலிவு. சட்டச் சிக்கலும் உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் எஞ்சின் மாற்றிச் சாலையில் இறக்கினால் விபத்து நேரும்போது இன்சூரன்ஸும் கைவிடலாம்.

இதையெல்லாம் அவருக்கு எழுதிவிட்டு, வண்டி கார்புரேட்டரா, இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐயா என்று கேட்டிருந்தேன். உடனே பதில் வந்தது: ‘எம்பிஎஃப்ஐதான் சார். ஆனால் நான் கேஸில்தான் ஓட்டுகிறேன்.’

எல்பிஜி! அதிலிருக்கும் புரொப்பேனின் ஆக்டேன் எண் 100-க்கு மேல். நான் மேலே எழுதிய பொறுமைக் கணக்கு முழுவதையும் அவருக்காக மறுபடி போட வேண்டும்.