தெற்கே வந்தால் துருவ ஒளி ஏன் சிவக்கிறது?

2024 மே 10 அன்று இரவு, துருவங்களை ஒட்டிய வானில் தெரியும் துருவ ஒளி (அரோரா) தன் வழக்கமான எல்லையை விட்டு வெகுதூரம் தெற்கே இறங்கி வந்தது. ஃப்ளோரிடாவில் தெரிந்தது, மெக்சிகோவில் தெரிந்தது, லடாக்கில் ஹான்லே வானியல் ஆய்வகத்தின் கேமராக்களிலும் பதிவானது. அந்தப் படங்களை நார்வே, ஐஸ்லாந்துப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடக்கே பச்சைத் திரை தலைக்கு மேலேயே நெளிகிறது. தெற்கே போகப்போகப் பச்சை காணாமல் போய், தொடுவானத்தை ஒட்டிய ஒரு சிவப்புப் பூச்சு மட்டும் மிஞ்சுகிறது. அதிலும் ஒரு வேடிக்கை: படத்தில் அவ்வளவு சிவப்பாக விழுந்த வானம், எடுத்தவர் கண்ணுக்குப் பல இடங்களில் வெறும் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது.

சூரியத் துகள்கள் நேராகத் துருவத்தில் வந்து மோதுவதால் ஒளி உண்டாகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதி உண்மைதான். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கமாக ஒரு நீண்ட வாலாக இழுத்து வைத்திருக்கிறது. அந்த வாலில் சேரும் ஆற்றல் அவ்வப்போது அவிழ்கிறது. அப்போது முடுக்கப்படும் எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகள் வழியாகக் கீழே இறங்கி, மேல் வளிமண்டலத்து அணுக்களில் மோதுகின்றன. அவை இறங்கும் இடம் காந்தத் துருவத்தைச் சுற்றிய ஒரு வளையம். அமைதியான நாட்களில் அது 65 முதல் 70 டிகிரி காந்த அட்சரேகைக்குள் (காந்தத் துருவத்தை வைத்து அளக்கும் அட்சரேகை) நிற்கும். சூரியனிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) மேகம் வெடித்துக் கிளம்பி வந்து மோதினால் வளையம் வீங்கித் தெற்கே இறங்கும். காந்தப்புயலின் வலுவை அளக்கும் கேபி எண் 0 முதல் 9 வரை போகிறது. 9 என்றால் வளையத்தின் விளிம்பு ஏறக்குறைய 48 டிகிரி காந்த அட்சரேகைக்கு வந்துவிடும்.

சரி, அப்படியென்றால் 48 டிகிரிக்கு வெகு தெற்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரிகிறது? ஒளி இருக்கும் உயரம்தான் காரணம். பூமி உருண்டை, ஒளித்திரையோ வெகு உயரமானது. தூரத்துக் கப்பலின் உடல் மறைந்து பாய்மர உச்சி மட்டும் தெரிவதுபோல, திரையின் அடிப்பகுதி தொடுவானத்துக்குக் கீழே போய்விட, மேல் விளிம்பு மட்டும் கண்ணில் படுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒளியை அதிகபட்சம் சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்க முடியும். 400 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 2,200 கிலோமீட்டர். அட்சரேகையில் இது ஏறத்தாழ 20 டிகிரி. உண்மையில் தொடுவானத்தில் தூசியும் மூட்டமும் இருப்பதால் இவ்வளவு எட்டாது, ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான்.

அந்த மேல் விளிம்பு ஏன் சிவப்பு என்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பச்சை, சிவப்பு இரண்டையும் தருவது ஒரே ஆக்சிஜன் அணுதான். மோதலில் ஆற்றல் பெற்ற அணு ஒரு நிலையிலிருந்து இறங்கும்போது 557.7 நானோமீட்டர் பச்சையைத் தரும். அதற்கு ஒரு நொடிகூட ஆகாது. இன்னொரு நிலையிலிருந்து இறங்கும்போது 630 நானோமீட்டர் சிவப்பு வரும். ஆனால் அதற்கு அணு கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று ஓரளவு அடர்த்தியானது. அங்கே இரண்டு நிமிடம் யாரும் இடிக்காமல் ஓர் அணு சும்மா இருப்பது நடக்காத காரியம். பக்கத்து மூலக்கூறு வந்து இடித்து ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும், சிவப்பு பிறக்காமலே போகும். பச்சை மட்டும் அவசரமாக வெளியே வந்துவிடும். 200 கிலோமீட்டருக்கு மேலே காற்று மிக மெல்லியது, இடிக்க ஆளில்லை. அங்கே சிவப்புக்கு நேரம் கிடைக்கிறது. அதனால் ஒவ்வொரு பெரிய திரைக்கும் அடியில் பச்சை, உச்சியில் சிவப்பு. தெற்கே இருப்பவருக்கு உச்சி மட்டுமே தெரிகிறது.

இதில் ஏமாந்தவர்கள் பழைய காலத்திலேயே உண்டு. ரோமப் பேரரசர் டைபீரியஸ் காலத்தில், வானம் சிவந்ததைப் பார்த்து ஓஸ்டியா துறைமுகம் தீப்பற்றி எரிகிறது என்று நினைத்துப் படைவீரர்கள் உதவிக்கு ஓடினார்கள்.

ஹான்லேயில் பதிவான சிவப்பு இன்னும் சற்று வேறு ரகம். புயலின்போது பூமியைச் சுற்றி ஒரு வளைய மின்னோட்டம் வலுவாகிறது. அதன் வெப்பம் கீழே கசிந்து மேல் வளிமண்டலத்து எலக்ட்ரான்களைச் சூடேற்ற, அவை ஆக்சிஜனைச் சிவப்பாக மட்டும் ஒளிர வைக்கின்றன. துகள் மழை இல்லாமலே உண்டாகும் இந்தச் சிவப்பு வில், வழக்கமான துருவ ஒளி வளையத்துக்கும் தெற்கே அமைகிறது. ஆட்டம் அசைவு இல்லாமல் மங்கலாக நிற்கும்.

வரைபடத்தில் பார்க்கும் சாதாரண அட்சரேகையை நம்பினால் குழப்பம்தான். அமெரிக்காவின் டல்லஸ் நகரமும் ஹான்லேயும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 32.8 டிகிரி வடக்கில் இருக்கின்றன. ஆனால் பூமியின் காந்த அச்சு கனடா பக்கம் சாய்ந்திருப்பதால் டல்லஸின் காந்த அட்சரேகை சுமார் 41 டிகிரி, ஹான்லேயுடையது சுமார் 24 தான். ஆசியாவில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் அநியாயம்! போதாக்குறைக்கு, 2024 மே புயல் உச்சத்தைத் தொட்டபோது அமெரிக்காவில் இரவு, இந்தியாவில் விடிந்துவிட்டது. ஆனாலும் ஆசியாவுக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1872 பிப்ரவரி 4 அன்று வந்த புயலில், காந்த அட்சரேகை 10 டிகிரி அளவே உள்ள பம்பாயிலிருந்தே துருவ ஒளியைப் பார்த்ததாகப் பதிவு இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? இருட்டில் நமக்கு வேலை செய்வது விழித்திரையின் குச்சி செல்கள். அவை நிறம் அறியாதவை, 630 நானோமீட்டர் சிவப்பையோ கிட்டத்தட்ட உணர்வதே இல்லை. நிறம் பார்க்கும் கூம்பு செல்களுக்கு இந்த வெளிச்சம் போதாது. செல்பேசியின் இரவுப் பயன்முறை பல நொடிகள் ஒளியைச் சேர்த்து வைப்பதால் சிவப்பு திரண்டு வருகிறது. படம் பொய் சொல்லவில்லை, ஆனால் நேரில் அப்படி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

எப்போது போய்ப் பார்ப்பது? சூரியனிலிருந்து மேகம் கிளம்பியது தெரிந்தாலும், அது சுமந்து வரும் காந்தப்புலம் எந்தத் திசை நோக்கியது என்பது கடைசி வரை தெரியாது. தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமியின் புலத்தோடு கோத்துக்கொண்டு ஆற்றலை உள்ளே விடும். வடக்கு நோக்கி இருந்தால் எவ்வளவு பெரிய மேகமும் புஸ்ஸென்று போய்விடும். இதை அளக்கும் விண்கலங்கள் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கின்றன. அங்கிருந்து கிடைக்கும் முன்னறிவிப்பு கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். மூன்று நாளுக்கு முன்பே "அன்று உறுதியாகத் தெரியும்" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

அப்புறம், வடக்கே தடையில்லாத, விளக்கு வெளிச்சம் இல்லாத இடம் வேண்டும். நிலவு இல்லாத இரவு நல்லது. கேமராவைச் சில நொடி திறந்து வைத்து வடக்குத் தொடுவானத்தைப் படமெடுத்துப் பாருங்கள். சிவப்புப் பகுதிக்குள் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்தால் துருவ ஒளியாக இருக்க வாய்ப்பு உண்டு. நட்சத்திரங்கள் மறைந்திருந்தால் அது பெரும்பாலும் ஊர் விளக்குகள் பட்ட மேகம்.