மலேரியாக் கொசுவைச் சாக்கடையில் தேடாதீர்கள்

கொசுத் தொல்லை என்றாலே நம் கை சாக்கடைப் பக்கம்தான் நீளும். அங்கே பெருகுவது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பும், மலேரியாவைப் பரப்பாது. கொசு மாறிப்போனதில், மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டுபிடித்த டாக்டர் ரொனால்டு ராஸுக்கே இரண்டு ஆண்டுகள் வீணாயின.

1857 மே 13 அன்று அல்மோராவில் பிறந்தவர் ராஸ். அப்பா பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஜெனரல். கவிதையும் இசையுமாகத் திரிந்த மகனை மருத்துவத்தில் தள்ளியது அவர்தான். 1881-இல் ராஸ் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1883-இல் பெங்களூரில், ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டித் தண்ணீரில் கொசுப் புழு நெளிவதைப் பார்த்துக் கவிழ்த்துவிட்டார். அறையில் கொசு குறைந்தது. மெஸ்ஸிலும் இப்படிச் செய்யலாமே என்றதற்குப் படை அதிகாரி ஒப்பவில்லை. இயற்கையின் ஒழுங்கு கெட்டுவிடுமாம்!

1895 முதல் செகந்திராபாத்தில் நோயாளிகளைக் கடிக்கவிட்டுக் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். சிக்கியவை கியூலெக்ஸும் ஏடிஸும். மனித மலேரியாக் கிருமி அவற்றுக்குள் வளராது. 1897 ஆகஸ்டில்தான் மலேரியாவைப் பரப்பும் இனமான, இறக்கையில் புள்ளியுள்ள அனோஃபிலிஸ் கிடைத்தது. ஹுசேன் கான் என்ற நோயாளி ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலிக்குக் கடிபட்டார். பங்கா (கயிறு கட்டி இழுக்கும் விசிறி) இழுத்தால் கொசு பறந்துவிடும் என்பதால் புழுக்கத்திலேயே வேலை. வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருவேறின. ஆகஸ்ட் 20 அன்று, ரத்தம் குடித்து நான்கு நாளான கொசுவின் வயிற்றுச் சுவரில் கரிய துகள்கள் கொண்ட வட்டச் செல்கள் தெரிந்தன. மறுநாள் அறுத்த கொசுவில் அவை இன்னும் பெரிதாக இருந்தன. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்கிறது என்பதற்கு அந்த வித்தியாசமே சாட்சி. 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சி மாடித் தொட்டி, கிணறு, கட்டுமான இடத்துத் தண்ணீர் என்று நல்ல தண்ணீரையே தேடும். நீர்ப்பரப்பை ஒட்டிப் புழு படுக்கைவசமாகக் கிடந்தால் அனோஃபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு இனம். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். மூடி போட்டும் கொசு வருகிறதென்றால் ஓவர்ஃப்ளோ குழாயைப் பாருங்கள். பெரும்பாலும் வலை கட்டாமல் திறந்து கிடக்கும்.

குளிர்க் காய்ச்சல் வந்தால் மாத்திரைக்கு முன்பே ரத்தப் பரிசோதனை. வைவாக்ஸ் வகை மலேரியா என்றால் குளோரோகுயின் 3 நாள், ப்ரைமாகுயின் 14 நாள். காய்ச்சல் விட்டதும் இரண்டாவதை நிறுத்திவிடுபவர்கள் அதிகம். அப்படி நிறுத்தினால், கல்லீரலில் உறங்கும் கிருமி மாதங்கள் கழித்துக்கூட மறுபடி கிளம்பும். கர்ப்பிணிகளுக்கு ப்ரைமாகுயின் கூடாது. சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதனால் சிவப்பணு சிதையும். மாத்திரை தொடங்கியபின் சிறுநீர் கறுத்துப் போனால் உடனே மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.